கடைசியாகச் சொன்னது

நஸ்ரீனின் அத்தா இறந்தது பூட்டு நாட்களின் முதல் காலையில். பஜ்ருத் தொழுகைக்கு ஒளு செய்து கைகால் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. மற்ற நாளாக இருந்திருந்தால் மாலை அஸர் தொழுகைக்கு முன் அடக்கம் முடிந்திருக்கும். அன்று முடியவில்லை. இறப்பைப் பதிவில் ஏற்றாமல் அடக்க அனுமதி கிடையாது. பதிவோ பூட்டிக் கிடந்தது.

மாநிலத்தில் எல்லாரும் அதை மூலப்பதிவு என்றுதான் சொன்னார்கள். கடல் ஏறிச் சென்னையில் பாதி போய், தலைநகர் திருச்சிக்கு நகர்ந்த காலத்தில், காகிதத்தில் இருந்த ஆவணங்கள் எல்லாம் ஊறி அழிந்துவிட்டன. அதன் பிறகு அரசு மக்களின் எல்லா உரிமைகளையும் ஒரே தரவுத்தளத்தில் கொண்டுவந்து வைத்தது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், நிலம், அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் எதுவானாலும் அதில் ஒரு வரி. வரி இருந்தால் அது நடந்தது, இல்லையென்றால் நடக்கவில்லை. ஒரே விஷயத்தில் முரண்பட்ட இரண்டு வரிகள் இருந்தால், கடைசியாக ஏறிய வரியே செல்லும். சட்டத்தில் வேறு எதற்கும் இடமில்லை.

அந்தத் தரவுத்தளத்தை இயக்கும் மென்பொருளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்புக்கு மாற்றியாக வேண்டும். மாற்றும்போது புதிதாக எதையும் எழுத முடியாது. கோடிக்கணக்கான வரிகளைப் பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்குச் சுமந்து, சரிபார்த்து, திறந்துவிடுவதற்குள் நான்கு நாள் ஓடிவிடும். மக்கள் அவற்றைப் பூட்டு நாட்கள் என்றார்கள். அந்த நாட்களில் தாலி கட்ட முடியாது, வயிற்றைக் கிழித்துக் கட்டியை எடுக்க முடியாது, மண்ணுக்குள் யாரையும் வைக்க முடியாது.

வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டியில் அத்தா நான்கு நாள் கூடத்தில் கிடந்தார். மூன்றாம் நாள் மின்சாரம் வந்து வந்து போயிற்று. அம்மா பக்கத்து மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொன்னாள். நான்காம் நாள் மாலையில் அனுமதி வந்தபோது, மய்யித்தைக் குளிப்பாட்டியவர்கள் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. "வேணாம்மா, நல்லா இருந்தப்ப பார்த்த முகமே இருக்கட்டும்" என்றார் ஜமாஅத்திலிருந்து வந்தவர்.

நஸ்ரீன் அப்போது அந்தப் பதிவகத்திலேயே இளநிலைப் பொறியாளர். பதிவைப் பூட்டிய குழுவில் அவளும் ஒருத்தி. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அடுத்த பதிப்பு வருவதற்கு ஆறு ஆண்டு இருந்தது. அந்த ஆறு ஆண்டும் அவளுக்கு வேறு யோசனை இல்லை. வரன் பார்த்தார்கள், தட்டிக்கழித்தாள். ஒருநாள் தன் மேலதிகாரி ஜெயசீலனின் அறைக்குப் போய் நின்றாள். ஜெயசீலன் ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்த மனிதர். குரலை உயர்த்தாமல் வேலை வாங்கிப் பழகியவர்.

"பூட்டவே வேணாம் சார்" என்றாள்.

"உக்காரு. பூட்டாம எப்படி?"

"பழைய வரிகளை ஒரு மாசம் முன்னாடியிருந்தே மெல்ல மெல்லப் புது மெஷினுக்குக் கொண்டுபோயிடலாம். ஜனங்க பாட்டுக்குப் பழைய மெஷின்ல எழுதிட்டு இருப்பாங்க. கடைசி நாள்ல எழுதுறதை மட்டும் அப்பப்ப புதுசுக்கு அனுப்பணும். புதுசு பழசை எட்டிப் பிடிச்சதும் சட்டுனு மாத்திடலாம். ஒரு மூச்சு விடுற நேரம்தான் சார் நிக்கும்."

"இதை முன்னாடியே யோசிச்சாங்களே. எட்டிப் பிடிக்கவே மாட்டேங்குதுன்னுதானே விட்டாங்க?"

"ஒரே தடத்துல அனுப்பினா பிடிக்காது. சம்மதத்துக்கு ஒரு தடம், நிலத்துக்கு ஒரு தடம், ரத்து செய்யறதுக்கு ஒரு தடம்னு நூத்துக்கணக்குல பிரிச்சு விட்டா பிடிக்கும். ஒரு தடம் இன்னொண்ணுக்குக் காத்துட்டு நிக்கக் கூடாது. அதான் சூட்சுமம்."

ஜெயசீலன் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். "நேரம்? புதுப் பதிப்புல நேரத்தை எழுதற முறையே வேறன்னாங்களே."

"அதை மாத்தி எழுதறதுதான் ரொம்ப மெதுவா இருக்கு சார். அந்த ஒரு நாள் வரிகளுக்கு மட்டும், புது மெஷின்ல ஏறின நேரத்தையே அதோட நேரமா வச்சுக்கலாம். அன்னிக்கு எழுதினது எல்லாம் சாயங்கால நேரம் காட்டும். முன்கூட்டியே அறிவிச்சிடலாம்."

"யாருக்கு என்ன நஷ்டம்" என்றார் ஜெயசீலன். நஸ்ரீனும் அப்படித்தான் நினைத்தாள்.

மாற்றம் ஒரு வியாழக்கிழமை நடந்தது. பகல் முழுவதும் மாநிலம் வழக்கம்போல இயங்கியது. மாலை ஐந்து மணிக்குமேல் தடங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்தன. திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடி முடிந்தது. புதிய பதிப்பு எழுந்து நின்றது. வெளியே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அமைச்சர் தொலைபேசியில் வாழ்த்தினார். பக்கத்து மாநிலங்கள் இரண்டு அந்த முறையைக் கேட்டு ஆள் அனுப்பின. அம்மாவிடம் சொன்னபோது அம்மா அவள் தலையைத் தடவினாள். அன்று இறந்தவர்கள் அன்றே மண்ணுக்குப் போனார்கள்.

பழைய இயந்திரத்தில் அந்த நாளின் மாற்றக் குறிப்பு முப்பது நாள் இருக்கும். யார் எப்போது எதை எழுதினார்கள் என்பது எழுதிய வரிசையிலேயே அதில் கிடக்கும். தனிமனித விவரங்கள் என்பதால் முப்பது நாள் ஆனதும் தானாக அழிந்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு முன் ஒருமுறை அதையும் புதிய பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று நஸ்ரீன் ஒரு நிரல் எழுதி ஓடவிட்டாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. தன் வேலை சுத்தமாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட ஆசை.

வரிகள் எல்லாம் வந்திருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் சில நூறு இடங்களில் வரிசை புரண்டிருந்தது.

காரணம் பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் சம்மதம் தெரிவிக்கிறார்கள். அந்தத் தடத்தில் நெரிசல். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறவர்கள் மிகச் சிலர். அந்தத் தடம் காலி. முதலில் கொடுத்த சம்மதம் நெரிசலில் நகர்ந்து வருவதற்குள், பிறகு எழுதிய ரத்து ஓடி வந்து ஏறிக்கொண்டது. ஏறிய நேரமே அதன் நேரம் என்று வைத்தவள் அவள்தான். ஆகவே புதிய பதிவில் ரத்து முதலாவதாகவும் சம்மதம் கடைசியாகவும் நின்றது. அன்று மனம் மாறியவர்களில் பலர், பதிவின்படி, மாறவே இல்லை.

பெரும்பாலானவை சின்ன விஷயங்கள். வேண்டாம் என்று விட்ட பாடப்பிரிவு, கைவிட்ட வீட்டு வாடகை. சில பெரியவை, ஒருவர் விற்க மறுத்த நிலம் விற்கப்பட்டிருந்தது. பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள். உயிர்காக்கும் கருவியை நிறுத்தச் சம்மதம். அதற்கு ஒரு ரத்து. நோயாளியின் பெயர் சுதாகர், கரூர்க்காரர், திருச்சி மருத்துவமனையில். சம்மதமும் ரத்தும் மனைவி கோகிலவாணி பெயரில். கருவி நின்றுவிட்டது.

மருத்துவர்கள் மேல் வழக்கு மேல் வழக்காக வந்த பிறகு, கருவியை நிறுத்தும் பொறுப்பை எந்த மனிதரிடமும் விடுவதில்லை என்று சட்டம் செய்திருந்தார்கள். தினமும் மாலை ஆறு மணிக்குக் கருவியே பதிவைப் பார்க்கும். கடைசி வரி சம்மதமாக இருந்தால் தானே நின்றுவிடும்.

நஸ்ரீன் குறிப்பு அழியாமலிருக்க ஒரு நிறுத்தி வைப்பு ஆணையைப் போட்டாள். அந்த அதிகாரம் அவளுக்கு இருந்தது. பிறகு ஜெயசீலனிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? மறுபடி பூட்டுன்னுடுவாங்க. இங்க மட்டும் இல்ல, எல்லா மாநிலத்துலயும். நாலு நாள் பூட்டுல எத்தனை பேர் ஆபரேஷன் இல்லாம சாகறாங்கன்னு கணக்கு எடுத்ததே நீதான்."

"தடங்களை ஒண்ணுக்கொண்ணு காத்திருக்கிற மாதிரி மாத்தலாம் சார். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்."

"மாத்துவோம். அடுத்த தடவை. போனது போனதுதானே?" அவர் குரல் இறங்கியிருந்தது. "உங்க அத்தா பெட்டியில கிடந்தப்ப நான் வந்து நின்னேன் நஸ்ரீன். எனக்கு மறக்கல."

அவள் வெளியே வந்தாள். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கரூருக்குப் பஸ் ஏறினாள்.

கோகிலவாணியின் வீடு பஸ் கூண்டு கட்டும் பட்டறைகள் இருந்த தெருவில் இருந்தது. முன்பகுதியில் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை, பின்பகுதியில் குடித்தனம். அறுபதை நெருங்கும் பெண். கனத்த ரெக்சினைத் தையல் இயந்திரத்தில் தள்ளிக்கொண்டிருந்தவள், பதிவகம் என்ற பெயரைக் கேட்டதும் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"நாங்கதான் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டமேங்க. இன்னும் என்னங்க பாக்கி?"

"பாக்கி ஒண்ணும் இல்லம்மா. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"வாங்க அம்மிணி, உக்காருங்க. டீ வெக்கட்டுங்களா?"

நஸ்ரீன் வேண்டாம் என்றாள். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தெருவில் தெரிந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இங்கிருந்து திருச்சிக்கு ரெண்டு ரோடு இருக்குன்னு வச்சுக்குங்க. ஒண்ணுல ஒரே நெரிசல். இன்னொண்ணு காலி. நீங்க முதல்ல அனுப்பின வண்டி நெரிசல்ல மாட்டிக்கிச்சு. அப்புறம் அனுப்பினது காலி ரோட்டுல முந்திப் போயிடுச்சு. கடைசியா வந்ததுதான் செல்லும்னு வாசல்ல நின்னவங்க எழுதிட்டாங்க. நீங்க சம்மதத்தை ரத்து பண்ணினது சரியாத்தான் பண்ணீங்கம்மா. எங்க மெஷின் அதை முன்னாடி போட்டு, சம்மதத்தைப் பின்னாடி போட்டுடுச்சு. அந்த ரோட்டைப் போட்டது நான்."

கோகிலவாணி எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள்.

"இத வேற ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"என் மேலதிகாரிகிட்ட மட்டும். பழைய குறிப்பு என்கிட்ட இருக்கு. பதிவைத் திருத்த முடியும். நீங்க மனு கொடுத்தா நானே சாட்சி சொல்றேன்."

"திருத்த வேண்டாமுங்க."

நஸ்ரீனுக்குப் புரியவில்லை. அழுவாள், அடிப்பாள், சபிப்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள்.

"அந்த மொதல் வரி நான் போட்டதில்லீங்க" என்றாள் கோகிலவாணி. "என்ற புள்ள போட்டது."

அவள் மகள் நறுமுகைக்கு இருபத்து நாலு வயது. சுதாகர் பக்கவாதத்தில் விழுந்து, கருவியின் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மாதங்களில் பெரும்பாலும் அவள்தான் பக்கத்தில் இருந்தாள். சளியை உறிஞ்சியெடுக்கும்போது அப்பாவின் கண்ணிலிருந்து வழியும் நீரைத் துடைப்பதும் அவள்தான். விட்டுவிடலாம்மா, அவர் படறது போதும்மா என்று பலமுறை கேட்டிருந்தாள். சுதாகரின் தம்பி கூடாது என்றார். கோகிலவாணியாலும் முடியவில்லை.

"அன்னிக்கு நான் மாத்துத் துணி எடுக்க ஊருக்கு வந்திருந்தேனுங்க. திரும்பிப் போறப்ப பஸ்ஸு குளித்தலையில நின்னுது. போன்ல மெசேஜு வந்துது, உங்கள் சம்மதம் பதிவானதுன்னு. என்ற ரகசியச் சொல்லு அவளோட செல்லப் பேருதானுங்க, அவளுக்குத் தெரியாம இருக்குமா? வார்டுல இருந்த மிஷின்ல போட்டிருக்கறா. பஸ்ஸுல உக்காந்துட்டே வேண்டாம்னு ரத்துப் பண்ணுனேன். அதும் பதிவாச்சுன்னு வந்துது."

"ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்ககிட்ட கேக்கலையா?"

"கேக்கலீங்க. அதான் எடுத்துட்டமே, இனி என்னத்தக் கேட்டு அந்தப் புள்ளையக் குத்தறதுன்னு விட்டுட்டேன். அவ மூஞ்சியப் பார்த்தே அந்த மூணு மணி நேரமும் உக்காந்திருந்தேன். அவ கடியாரத்தையே பார்த்துட்டு இருந்தா. அப்பக்கூட எனக்கு ஒறைக்கல."

ஆறு மணிக்குக் கருவி நின்றது. கோகிலவாணி ஓடிப்போய்ச் செவிலியின் கையைப் பிடித்து இழுத்தாள். செவிலி திரையைக் காட்டினாள். முதலில் ரத்து, சில நிமிடம் கழித்துச் சம்மதம். கொழுந்தனார் பின்னால் நின்று அதைப் படித்தார். அண்ணி, வேண்டாம்னு போட்டுட்டு நீங்களே திரும்பச் சரின்னு போட்டிருக்கீங்களே என்றார். அது நான் போட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பியபோது, மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பொய் வரி போட்டு உசுரு போனா கொலைக் கேசுங்க. உங்களுக்குத் தெரியாததா? ஆமா, நாந்தான் போட்டேன்னு சொல்லிப்போட்டேன். போன்ல இருந்த மெசேஜெல்லாம் அப்பவே அழிச்சுட்டேன்."

"இப்ப மகள் எங்க இருக்காங்க?"

"கோயமுத்தூர்ல ஆஸ்டல்ல. பேசறதில்லீங்க. நான் பண்ணுன காரியத்துக்குத்தான் பேசறதில்லைன்னு சொந்தமெல்லாம் நெனச்சுக்கறாங்க. ஒருத்தரும் இங்க வாசப்படி மிதிக்கறதில்ல."

நஸ்ரீன் தயங்கிக் கேட்டாள். "நீங்க அவங்களுக்கு அப்புறம் ரத்து பண்ணினது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கொழுந்தனாரு சொன்னாருன்னு நான் காலையிலயே வேண்டாம்னு போட்டு வெச்சிருப்பேன், அதுக்கு மேலதான் அவ சரின்னு போட்டதா நெனச்சுட்டு இருக்கறா. அன்னிக்கு எல்லா வரிக்கும் சாயங்கால நேரந்தான் காட்டும்னு நீங்கதான் அறிவிச்சிருந்தீங்களே."

"அப்ப சொல்லிடுங்கம்மா. அவங்க போட்டதை நீங்க எடுத்துட்டீங்க, அவங்களால அப்பா சாகலன்னு ஒரு வார்த்தை. அது போதும்."

"சொன்னா அவ சும்மா இருக்கற புள்ளை இல்லீங்க. உங்க ஆபீஸு மேல கேசு போடறேன்னு நிப்பா. அவங்க தோண்டுவாங்க. மொதல் வரி எங்கிருந்து வந்துதுன்னா வார்டு மிஷின்னு வரும். நான் பஸ்ஸுல இருந்தவ. அப்புறம்?" கோகிலவாணி எழுந்து வந்து நஸ்ரீனின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஊசியும் ரெக்சினும் பழகிய விரல்கள் சொரசொரவென்று இருந்தன. "என்னை நாலு பேரு கொலைகாரின்னா சொல்லிட்டுப் போவட்டும். நீங்க வெச்சிருக்கறதை அழிச்சுருங்க அம்மிணி. உங்க காலுல வேண்ணாலும் விழறேன்."

திரும்பும் பஸ்ஸில் நஸ்ரீன் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே தனக்குள் ஏதோ இறங்கி லேசாவதையும் உணர்ந்தாள். செய்த தவற்றை ஒப்புக்கொள்ளப் போனவளிடம், பாதிக்கப்பட்டவளே மறைத்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தக் குறிப்பு ஒரே தொகுப்பு. ஆனாலும் கோகிலவாணியின் வரிகளை மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்களுடையதைத் தனியே எடுத்து வைத்திருக்கலாம். நிலத்தை இழந்தவர் இருந்தார். வேண்டாம் என்ற அறுவைக்கு உள்ளாகவிருந்த ஒரு பெண்ணும் இருந்தாள். அந்தப் பெண்ணின் வரியையும் இன்னும் சிலவற்றையும் ஜெயசீலனின் அனுமதியோடு, திருத்தம் என்று எழுதாமலேயே சரிசெய்தாள். மற்றவற்றைத் தொட வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். எழுதவில்லை. தன் நிறுத்தி வைப்பு ஆணையைத் திரும்பப் பெற்றாள். தவணை வந்ததும் குறிப்பு தானாக அழிந்தது. ஜெயசீலன் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தடங்களை ஒன்றுக்கொன்று காத்திருக்க வைக்கும் திருத்தத்தை எழுதிக் கொடுத்தாள். மாற்றத்துக்குச் சில மணி நேரம் பூட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் அது கோப்பில் தங்கிவிட்டது. பக்கத்து மாநிலங்கள் பழைய முறையையே எடுத்துக்கொண்டு போயின. அவற்றில் ஒன்றின் தொடக்க விழாவில் நஸ்ரீனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

நறுமுகையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று முறை நினைத்தாள். விடுதியின் முகவரிகூட எடுத்து வைத்தாள். கோகிலவாணி வேண்டாம் என்றாளே என்று ஒவ்வொரு முறையும் நின்றுகொண்டாள்.

சுதாகரின் முதலாண்டுத் திதி கொழுந்தனார் வீட்டில் நடந்தது. நறுமுகை கோவையிலிருந்து வந்திருந்தாள். கோகிலவாணியைக் கூப்பிடவில்லை; அவளாகவே வந்து, வாசலில் செருப்பு விடும் இடத்தில் நின்றாள். உள்ளே படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. கொழுந்தனாரின் மனைவி வெளியே வந்து, ஒரு தட்டில் கொஞ்சம் சோற்றை வைத்துத் தரையில் நகர்த்தி, இங்கேயே சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க என்றாள். கோகிலவாணி குனிந்து அந்தத் தட்டை எடுத்தாள்.

அதை நறுமுகை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னாலும், அந்த வரியைப் போட்டது அம்மா இல்லை, நான் என்றாள். அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று கோகிலவாணி கத்தினாள், காலைப் பிடித்தாள். நறுமுகை அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

செய்தியைப் பார்த்த நஸ்ரீன் ஜெயசீலனின் அறைக்குப் போனாள். "நான் சாட்சி சொல்லப் போறேன் சார்."

"போ" என்றார் அவர். "நான் தடுக்கல. என்ன ஆதாரம் வச்சிருக்க?"

ஜெயசீலன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

கரூர் நீதிமன்றத்தில் கூட்டம் அதிகமில்லை. நறுமுகை ஒடிசலாக, தூக்கமில்லாத கண்களோடு கூண்டில் நின்றாள். குற்றத்தை ஒப்புக்கொண்டவள், தனக்காக எதுவும் வாதாடவில்லை. யார் எதைச் சொன்னாலும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி பின்வரிசையில் இருந்தாள். நஸ்ரீனைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

நஸ்ரீன் தடங்களைப்பற்றிச் சொன்னாள். நெரிசலைப்பற்றிச் சொன்னாள். மகள் போட்ட வரியை அன்று பகலிலேயே தாய் ரத்து செய்துவிட்டாள், அந்த ரத்துதான் உண்மையில் கடைசி வரி, அதை முன்னால் தள்ளியது தன் முறை என்று சொன்னாள். அரசு வழக்கறிஞர் இளைஞர், பொறுமையானவர்.

"பதிவு தவறுன்னு சொல்றீங்களா?"

"ஆமா."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"பழைய குறிப்பு இருந்தது. அழிஞ்சிடுச்சு."

"தானா அழிஞ்சுதா?"

"நிறுத்தி வச்சிருந்தேன். நான்தான் நிறுத்தினதை எடுத்தேன்."

"ஏன் எடுத்தீங்க?"

நஸ்ரீன் பின்வரிசையைப் பார்த்தாள். கோகிலவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "எனக்கு வசதியா இருந்தது" என்றாள் நஸ்ரீன்.

கூண்டிலிருந்த பெண் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

வாய்ச்சாட்சியத்தால் மூலப்பதிவை மாற்ற முடியாது என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். சாட்சியின் அனுதாபம் புரிந்துகொள்ளக்கூடியதே என்றும் ஒரு வரி இருந்தது. குறிப்பை அழித்ததற்காக நஸ்ரீன் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. தவணை முடிந்து அழிந்த ஒன்றை யாரும் அழித்ததாகச் சட்டம் கருதாது. நறுமுகைக்குப் பத்து ஆண்டு.

வண்டி வரும்வரை அவளைத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பெண் காவலர் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். தாய் வந்து உட்கார்ந்ததைத் தடுக்கவில்லை. நஸ்ரீன் சற்றுத் தள்ளி, அருகில் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். நறுமுகைதான் கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க உள்ள சொன்னது நெசமா? இல்ல என்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்னீங்களா?"

"நெசம்மா."

அவள் தாயின் பக்கம் திரும்பினாள். "நீ வேண்டாம்னு போட்டது எனக்கப்புறமாம்மா?"

கோகிலவாணி தலையாட்டினாள். "குளித்தலையில. மெசேஜு பார்த்ததும் போட்டேன் கண்ணு. நீ போட்டதை எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். உன்னால ஒண்ணும் ஆவல."

"இது எப்பத் தெரியும் உனக்கு? மிஷினு மாத்திப் போட்டுருச்சுன்னு?"

"அடுத்த மாசமே. இந்த அம்மிணி வந்து சொல்லுச்சு."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ கேசு கீசுன்னு போயி..."

நறுமுகை சுவரில் தலையைச் சாய்த்தாள். கோபம் எதுவும் அவள் குரலில் இல்லை. "ஒரு வருசமா நான் தூங்கலம்மா" என்றாள். "கண்ண மூடுனா அப்பா மூச்சு நிக்கற சத்தம். நாந்தான் கொன்னேன் நாந்தான் கொன்னேன்னு ஒரு வருசம். ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

வண்டி வந்து நின்றது. பெண் காவலர் அவள் தோளைத் தொட்டாள். எழுந்தவள், தாயின் மடியில் கிடந்த கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள். படியேறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

தாழ்வாரம் காலியாயிற்று. நஸ்ரீன் பெஞ்சின் அருகே வந்து நின்றாள். "வாங்கம்மா, வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

கோகிலவாணி நிமிரவில்லை. மகள் உட்கார்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க அம்மிணி" என்றாள். "உங்க ஊருக்கு இப்பப் பஸ்ஸு இருக்கும்."